இண்டெக்ஸ் இருக்கு, ஏன் பாவிக்குதில்ல?

இது நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலை ஒஃபிஸ் கம்பியூட்டர் பற்றி ஊருக்குள் மூன்று கதைகள் ஓடுகின்றன. ஒன்று, மெஷின் செத்துவிட்டது. இரண்டு, வைரஸ் புகுந்து பிள்ளைகளின் விபரமெல்லாம் அழிந்துவிட்டது. மூன்று, ஒஃபிஸில் இருக்கும் பிள்ளைக்கு வேலை தெரியாது. மூன்றும் பொய். மூன்றாவது ஒரு பெண்பிள்ளையின் மரியாதையோடு சம்பந்தப்பட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஐசிடி படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன். கடை, பாமசி, சங்கம் என்று ஏதாவது சொஃப்ட்வெயார் வைத்து நடத்துபவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள். உங்கள் காசும் இதில் மிச்சமாகலாம்.

முதலில் பின்னணி. எங்கள் பாடசாலையில் ஏறத்தாழ 1,800 பிள்ளைகள். ஒன்பது வருடங்களுக்கு முன் பழைய மாணவர் ஒருவர், இப்போது கட்டாரில் இருக்கிறார், ஒரு சதமும் வாங்காமல் ஒரு சொஃப்ட்வெயார் எழுதித் தந்தார். சேர்வு இடாப்பு, தினவரவு, தவணைப் புள்ளிகள், விடுகைப் பத்திரம் எல்லாம் அதில்தான். பின்னால் இருப்பது மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். அந்த உதவியை ஊர் மறக்கக் கூடாது. இந்தப் பதிவில் அவர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை.

அது முதல் ஐந்து வருடம் பறந்தது. ஆறாவது வருடம் கொஞ்சம் இழுத்தது. இந்த வருடம் சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள் விடுகைப் பத்திரத்துக்கு வந்தபோது, ஒரு பிள்ளையின் விபரம் திரையில் வர 40 செக்கன், 45 செக்கன் எடுத்தது. சில வேளை திரை அப்படியே உறைந்துவிடும். பக்கத்தில் வேறு யாராவது புள்ளி பதிந்துகொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

40 செக்கன் பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். வரிசையில் 60 பேர் நிற்கும்போது பெரிய விஷயம்தான். வயல் வேலைக்குப் போகாமல் வந்த ஒரு உம்மா, "மகள், நாளைக்கும் வரச் சொல்லுவீங்களா? இன்டைய கூலி போய்ட்டு" என்று கேட்டதை நானே கேட்டேன். அவர் கேட்டது ஒஃபிஸில் இருந்த அபிவிருத்தி உத்தியோகத்தரிடம். அவ என் பழைய மாணவி. ஒரு நாளில் எத்தனை பேரிடம் அந்தப் பிள்ளை "கொஞ்சம் இருங்க ராத்தா, வருது" என்று சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்து பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். புதிய சேர்வர் ஒன்று வாங்க வேண்டும், பிள்ளைக்கு 200 ரூபா சேர்த்தால் 3 இலட்சத்து 60 ஆயிரம் வரும் என்று ஒரு யோசனை. சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு அது 600 ரூபா. இன்னொருவர், "மெஷினில பிழை இல்ல, அதப் பாவிக்கிற ஆள்லதான் பிழை" என்றார். அந்தப் பிள்ளை கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. நான் அதிபரிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். அவரும் சரி என்றார்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

இலங்கையில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் இண்டெக்ஸ் நம்பர் என்றால் தெரியும், பரீட்சைச் சுட்டெண். தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் என்பது வேறு. பாடத்தில் அதைச் சுட்டி என்று படிப்பிக்கிறோம். ஒஃபிஸ் அலுமாரியில் இருக்கும் பழைய சேர்வு இடாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அது சேர்விலக்க ஒழுங்கில் இருக்கிறது. 4521 எந்தப் பிள்ளை என்று கேட்டால், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி, அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் "இன்ன பெயருள்ள பிள்ளையின் சேர்விலக்கம் என்ன" என்று கேட்டால்? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். இதைத் தவிர்க்க ஒரு தனிக் கொப்பியில் பெயர்களை அகர வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே சேர்விலக்கத்தைக் குறித்து வைத்தால், அந்தக் கொப்பிதான் இண்டெக்ஸ்.

தரவுத்தளங்களில் பெரும்பாலும் இருப்பது பி-ட்ரீ என்ற அமைப்பு. 1970களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ருடோல்ஃப் பேயர், எட்வர்ட் மெக்கிரைட் என்ற இருவர் உருவாக்கியது. கிளை பிரிந்து பிரிந்து போகும். 30 இலட்சம் வரிகள் இருந்தாலும் மூன்று நான்கு தாவலில் தேடியது கைக்கு வந்துவிடும்.

எங்கள் வரவு அட்டவணையில் உண்மையில் அவ்வளவு இருக்கிறது. 1,800 பிள்ளைகள், வருடத்துக்கு ஏறத்தாழ 190 பாடசாலை நாட்கள். வருடத்துக்கு 3 இலட்சத்து 42 ஆயிரம் வரிகள். ஒன்பது வருடத்துக்கு 30 இலட்சம் தாண்டும். விடுகைப் பத்திரத்துக்கு ஆறாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை ஒவ்வொரு வருட வரவையும் சொஃப்ட்வெயார் தனித்தனியாகக் கேட்கிறது. ஆக ஒரு பிள்ளைக்கு ஆறு தடவை. ஒரு தடவைக்கு 7 செக்கன் போனால் 42 செக்கன். கணக்கு சரியாக வருகிறது.

அப்படியானால் அந்த அட்டவணையில் சேர்விலக்கத்துக்கு இண்டெக்ஸ் இல்லையா? பார்த்தேன். இருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருக்கிறது. கட்டார் தம்பி ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்.

இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுவார்கள். "இண்டெக்ஸ் இருக்கு, அப்ப மெஷின்தான் பிழை" என்று முடிவெடுத்து விடுவார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் அதுதான் நடந்தது. ரெம் கூட்டுங்கள், எஸ்எஸ்டி போடுங்கள், விண்டோஸை அழித்துப் போடுங்கள் என்று ஆளுக்கொரு வைத்தியம். ஊகிக்கத் தேவையில்லை. தரவுத்தளத்திடமே கேட்கலாம்.

அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. எக்ஸ்பிளைன். வினவலுக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைப் போட்டால், மைஎஸ்கியூஎல் விடையைத் தராமல், விடையை எப்படித் தேடப் போகிறது என்ற திட்டத்தைத் தரும். அதில் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். டைப் என்ற இடத்தில் ஓல் என்று வந்தால் முழு அட்டவணையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கப் போகிறது என்று அர்த்தம். பொசிபிள் கீஸ் என்பது சம்பந்தப்பட்ட இண்டெக்ஸ்கள் எவை என்று சொல்லும். கீ என்பது உண்மையில் எதை எடுத்தது என்று சொல்லும். ரோஸ் என்பது எத்தனை வரிகளைப் பார்க்க வேண்டிவரும் என்ற மதிப்பீடு. போஸ்ட்கிரெஸ் பாவிப்பவர்களுக்கும் இதே கட்டளைதான். அங்கே சீக்வென்ஷியல் ஸ்கேன் என்பதன் சுருக்கமாக செக் ஸ்கேன் என்று வந்தால் முழுதாக வாசிக்கிறது என்று அர்த்தம். எஸ்கியூலைட்டில் எக்ஸ்பிளைன் குவெரி பிளான் என்று கேட்க வேண்டும். ஸ்கேன் என்றால் முழுவதும், சேர்ச் என்றால் இண்டெக்ஸ் வழியாக.

சனிக்கிழமை காலை அந்தப் பிள்ளையையும் உயர்தர ஐசிடி மாணவர்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு செய்தோம். முதலில் முழுத் தரவையும் ஒரு பிரதி எடுத்து வேறொரு லெப்டொப்பில் ஏற்றினோம். பாடசாலையின் அசல் தரவில் கை வைக்கவில்லை. பிறகு எக்ஸ்பிளைன் போட்டோம். டைப்: ஓல். பொசிபிள் கீஸ்: சேர்விலக்கத்தின் இண்டெக்ஸ் பெயர் இருக்கிறது. கீ: நல், அதாவது ஒன்றுமில்லை. ரோஸ்: 30 இலட்சத்துக்குக் கிட்ட.

"சேர், இண்டெக்ஸ் இருக்கெண்டு அதுக்கே தெரியுது. பிறகு ஏன் சேர் பாவிக்குதில்ல?" என்று ஒரு மாணவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எக்ஸ்பிளைன் போட்ட உடனேயே ஷோ வோர்னிங்ஸ் என்று கேட்டால் மைஎஸ்கியூஎல் சில நேரம் காரணத்தையும் சொல்லிவிடும். சொன்னது. புலத்தின் வகையை மாற்ற வேண்டியிருப்பதால் இந்த இண்டெக்ஸைப் பாவிக்க முடியாது என்பது அந்த எச்சரிக்கையின் சாரம்.

விளக்கம் இதுதான். எங்கள் தரவுத்தளத்தில் சேர்விலக்கம் எண்ணாக இல்லை, எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. முன்பு தனியாக இருந்த ஆரம்பப் பிரிவை எங்களோடு இணைத்தபோது, இரண்டு இடாப்பிலும் ஒரே இலக்கங்கள் இருந்தன. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவற்றுக்குப் பின்னால் ஏ என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். 4521 ஒரு பிள்ளை. 4521ஏ இன்னொரு பிள்ளை. எழுத்து வருவதால் புலம் எழுத்து வகையாகத்தான் இருக்க வேண்டும். அது சரியான முடிவு.

ஆனால் சொஃப்ட்வெயார் கேள்வி கேட்கும்போது மேற்கோள் குறி இல்லாமல், சேர்விலக்கம் சமன் 4521 என்று எண்ணாகக் கேட்டது. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மைஎஸ்கியூஎல் கோபிக்காது. இரண்டையும் எண்ணாக்கி ஒப்பிட்டுவிடும். ஒப்பிடுவதற்கு, 30 இலட்சம் வரிகளிலும் உள்ள சேர்விலக்கத்தை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

இண்டெக்ஸில் தேடினால் என்ன என்று கேட்பீர்கள். இண்டெக்ஸ் எழுத்து ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கிறது. எழுத்து ஒழுங்கில் 10 என்பது 9க்கு முன்னால் வரும். எண்ணாக்கினால் 4521 ஆகக்கூடிய எழுத்துக்கள் ஒன்றல்ல. "4521" என்பதும் அதுதான். முன்னால் பூச்சியம் போட்ட "04521" என்பதும் அதுதான். முன்னால் வெற்றிடம் விட்டதும் அதுதான். இவை அடுக்கில் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும். எங்கே போய்த் தேடுவது? எல்லாவற்றையும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே இண்டெக்ஸை ஒதுக்கி வைத்தது மைஎஸ்கியூஎல்லின் முட்டாள்தனம் அல்ல. கேட்ட கேள்விக்குச் சரியான விடை தர அதற்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

இந்த இடத்தில் அந்தப் பிள்ளை திடீரென்று, "சேர், அப்ப 4521ஏ?" என்று கேட்டது.

எனக்கு ஒரு கணம் வேர்த்துவிட்டது. "4521ஏ" என்ற எழுத்தை எண்ணாக்கினால் மைஎஸ்கியூஎல் முன்னால் இருக்கும் இலக்கங்களை எடுத்துக்கொண்டு பின்னால் இருக்கும் எழுத்தை விட்டுவிடும். அதுவும் 4521 ஆகிவிடும். அதாவது ஒரு பிள்ளையின் வரவைக் கேட்டால் இரண்டு பிள்ளைகளின் வரவு சேர்ந்து வரும்.

"சில பிள்ளைகளுக்கு வரவு ரெண்டு மடங்கா வந்திச்சு சேர். நான் இடாப்பப் பார்த்துத் திருத்தித்தான் குடுத்த. கம்பியூட்டர் டபிளா பதிஞ்சிருக்கெண்டு நினைச்ச" என்றது.

யோசித்துப் பாருங்கள். வேலை தெரியாது என்று கூட்டத்தில் சொல்லப்பட்ட அந்தப் பிள்ளை, 60 பேர் வரிசையில் நிற்கும்போதும் திரையில் வந்த எண்ணை நம்பாமல், அலுமாரியிலிருந்து வரவு இடாப்பை எடுத்து ஒப்பிட்டுத்தான் விடுகைப் பத்திரம் எழுதியிருக்கிறது. அந்தத் தாமதத்தில் ஒரு பகுதி அவ கவனமாக இருந்ததால் வந்தது. அப்படி அவ பார்த்திருக்காவிட்டால், ஒரு பிள்ளையின் பத்திரத்தில் இன்னொரு பிள்ளையின் வரவு ஏறியிருக்கும். 3 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு சேர்வர் வாங்கியிருந்தால் அந்தப் பிழையான விடை இன்னும் வேகமாக வந்திருக்கும், அவ்வளவுதான்.

திருத்தம் என்ன? 4521ஐ மேற்கோள் குறிக்குள் போட்டு எழுத்தாகக் கேட்பது. லெப்டொப்பில் அந்த இரண்டு குறிகளைப் போட்டு எக்ஸ்பிளைன் கேட்டோம். டைப்: ரெஃப். கீ: சேர்விலக்க இண்டெக்ஸ். ரோஸ்: ஆயிரத்துச் சொச்சம், அதாவது அந்த ஒரு பிள்ளையின் வரிகள் மட்டும். வினவல் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. 4521ஏயும் கலக்கவில்லை.

கட்டார் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரவோடிரவாகப் பார்த்துவிட்டு, வெறுமனே குறி போடாமல் முறையாகச் செய்து தந்தார். வினவலையும் பெறுமதியையும் தனித்தனியாக அனுப்பும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் முறை. பெறுமதி எழுத்து வகை என்று அதில் குறித்துவிடலாம். வெளியாட்கள் வினவலுக்குள் வேறு கட்டளை நுழைக்கும் ஆபத்தும் அதோடு அடைபடும். ஒன்பது வருடங்களுக்கு முன் அட்டவணையில் சில ஆயிரம் வரிகள் இருந்தபோது இந்தக் குறை யாருக்கும் தெரிய வாய்ப்பே இல்லை.

தெரிந்திருக்க வேண்டிய இரண்டு குறிப்புகள். புலம் எண் வகையாக இருந்து, நீங்கள் மேற்கோள் குறியோடு கேட்டால் மைஎஸ்கியூஎல்லில் பிரச்சினை இல்லை. மாற்ற வேண்டியது நீங்கள் தந்த ஒரு பெறுமதியை மட்டும்தான். போஸ்ட்கிரெஸ் இந்த விஷயத்தில் கண்டிப்பானது. எழுத்துப் புலத்தை எண்ணோடு ஒப்பிட்டால் மௌனமாக மாற்றாமல் பிழை என்று நிறுத்திவிடும். நம் நாட்டில் தொலைபேசி இலக்கம் பூச்சியத்தில் தொடங்குகிறது. பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது 12 இலக்கம். இவையெல்லாம் எழுத்து வகையில் இருக்க வேண்டியவை. எழுத்தாகவே கேட்கவும் வேண்டும். உங்கள் கடை சொஃப்ட்வெயாரில் வாடிக்கையாளரை ஃபோன் நம்பர் கொண்டு தேடும்போது இழுத்தால், முதலில் இதைப் பாருங்கள்.

ஒன்றைப் பிடித்த பிறகு மாணவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மெதுவாக இருந்த மற்ற வினவல்களையும் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் காரணம் வேறு.

மாதாந்த வரவு அறிக்கை. திகதிக்கு இண்டெக்ஸ் இருக்கிறது. வினவலோ, திகதியின் வருடத்தையும் மாதத்தையும் ஃபங்ஷன் போட்டுப் பிரித்தெடுத்து, வருடம் 2023, மாதம் 5 என்று கேட்கிறது. இண்டெக்ஸ் திகதி ஒழுங்கில் இருக்கிறதே தவிர, அந்த ஃபங்ஷனின் விடை ஒழுங்கில் இல்லை. புலத்தின் மேல் ஃபங்ஷனைப் போர்த்திவிட்டால் இண்டெக்ஸின் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. அதே கேள்வியை, 2023-05-01 அல்லது அதற்குப் பிறகு, 2023-06-01க்கு முன் என்று எல்லை வைத்துக் கேட்டோம். உடனே இண்டெக்ஸைப் பிடித்தது. மைஎஸ்கியூஎல் 8.0.13இலிருந்து ஃபங்ஷனின் விடைக்கே இண்டெக்ஸ் போடலாம். ஆனால் கேள்வியை மாற்றி எழுத முடியுமென்றால் அதுவே இலகு.

வகுப்பும் திகதியும் சேர்ந்த இண்டெக்ஸ். வரவுத் தாள்களை வகுப்பு வகுப்பாகக் கட்டி, கட்டுக்குள் திகதி ஒழுங்கில் வைத்திருப்பதாக நினையுங்கள். 8பி வகுப்பின் மே மாதத் தாள் என்றால் உடனே எடுக்கலாம். 8பி என்று மட்டும் கேட்டாலும் எடுக்கலாம். வகுப்புச் சொல்லாமல் மே மாதம் என்று மட்டும் கேட்டால் எல்லாக் கட்டுகளையும் அவிழ்க்க வேண்டும். பல புலங்கள் சேர்ந்த இண்டெக்ஸ் பொதுவாக இடது பக்கத்திலிருந்துதான் வேலை செய்யும். முதல் புலத்தை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கேட்டால் பலன் இல்லை. இண்டெக்ஸில் புலங்களை எந்த ஒழுங்கில் வைக்கிறோம் என்பது அதனால்தான் முக்கியம்.

பெயர்த் தேடல். இது எங்கள் ஊருக்கென்றே வந்த பிரச்சினை. முஹம்மத், முகம்மது, மொஹமட் என்று ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுகிறோம். எம்.எஃப். என்று முதலெழுத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதனால் சொஃப்ட்வெயார் பெயரின் எந்த இடத்தில் இருந்தாலும் கண்டுபிடிக்கும்படி, முன்னாலும் பின்னாலும் % குறி போட்டு லைக் என்று தேடியது. முன்னால் % வந்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அகராதியில் "மா" என்று முடியும் சொற்களைத் தேடச் சொன்னால் அகர வரிசை எதற்கு உதவும்?

சரி, முன்னால் உள்ள % குறியை எடுத்துவிட்டு, பாத்திமா என்று ஆரம்பிக்கும் பெயர்கள் என்று கேட்டுப் பார்ப்போம் என்றான் ஒரு மாணவன். கேட்டோம். அப்போதும் டைப்: ஓல். இண்டெக்ஸ் இருக்கிறது, கேள்வியும் ஒழுங்கான வடிவத்தில் இருக்கிறது, ஆனாலும் பாவிக்கவில்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான், "உங்கட வகுப்பில எத்தன பாத்திமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்கள்.

இண்டெக்ஸ் கொப்பியில் பாத்திமாக்களைக் கண்டுபிடிப்பது இலகு. ஆனால் ஒவ்வொரு பாத்திமாவுக்கும் கொப்பியைப் பார்த்து, இலக்கத்தை எடுத்து, இடாப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மீண்டும் கொப்பிக்கு வர வேண்டும். பத்துப் பேருக்கு அப்படிச் செய்யலாம். இடாப்பில் பெரும் பகுதியே பாத்திமாவாக இருந்தால், கொப்பியை மூடி வைத்துவிட்டு இடாப்பை ஒரு முறை முழுதாக வாசிப்பதுதான் புத்தி. தரவுத்தளமும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. எந்த வழி செலவு குறைவு என்று மதிப்பிட்டுத் தெரிவு செய்யும் இந்த முறையை 1979இல் ஐபிஎம் ஆய்வாளர் பட்ரிசியா செலிங்கரும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். இன்றைய தரவுத்தளங்களும் அந்த வழியில்தான் போகின்றன.

ஆகவே இண்டெக்ஸ் பாவிக்கப்படாத எல்லா இடமும் பிழையான இடம் அல்ல. வந்தார், வரவில்லை என்ற இரண்டே பெறுமதி உள்ள புலத்தில், வந்தவர்களைத் தா என்றால் ஏறத்தாழ முழு அட்டவணையுமே விடை. அதற்கு இண்டெக்ஸ் எதற்கு? 80 பேர் உள்ள ஆசிரியர் அட்டவணையை முழுதாக வாசித்தால் என்ன நட்டம்? குழுவில் ஒருவர், "ஃபோர்ஸ் இண்டெக்ஸ் போட்டு வற்புறுத்துங்க" என்றார். வகை மாற்றம் தேவைப்படும் இடத்தில் வற்புறுத்தினாலும் அதனால் தேட முடியாது. பாத்திமா மாதிரி இடத்தில் வற்புறுத்தினால் இன்னும் மெதுவாகும்.

தரவுத்தளத்தின் மதிப்பீடு தவறாகும் சந்தர்ப்பமும் உண்டு. அது தன்னிடம் உள்ள புள்ளிவிபரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஒரே நேரத்தில் பழைய வருடங்களின் தரவை மொத்தமாக ஏற்றினால் அந்தப் புள்ளிவிபரம் கொஞ்ச நேரம் பழசாக இருக்கலாம். அனலைஸ் டேபிள் என்று ஒரு கட்டளை கொடுத்தால் புதுப்பித்துக்கொள்ளும். எக்ஸ்பிளைன் சொல்லும் ரோஸ் எண்ணும் உண்மையான எண்ணும் தூரத் தூர இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். எங்களுக்கு இரண்டும் கிட்டக் கிட்டவே இருந்தன. அதனால் அந்தக் காரணத்தை அப்போதே தள்ளிவிட்டோம்.

பெயர்த் தேடலுக்கு நாங்கள் செய்தது சின்ன வேலை. முதலில் தரம் அல்லது சேர்ந்த வருடத்தைக் கேட்டு, அதற்குள் பெயரைத் தேடும்படி திரையை மாற்றினோம். 30 வருடத்துப் பாத்திமாக்களுக்குள் தேடுவதும் ஒரு வருடத்துப் பாத்திமாக்களுக்குள் தேடுவதும் ஒன்றல்ல.

அடுத்த கூட்டத்தில் 200 ரூபா யோசனை கைவிடப்பட்டது. அதே பழைய மெஷின்தான் இன்றும் ஓடுகிறது. சங்கத்தில் இருந்த காசில் தரவைப் பிரதி எடுத்து வைக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் மட்டும் வாங்கினோம். அது உண்மையிலேயே தேவையாக இருந்தது. ஏற்கெனவே கொடுத்த விடுகைப் பத்திரங்களில், ஏ சேர்ந்த இலக்கமும் ஏ இல்லாத இலக்கமும் இரண்டுமாக உள்ள பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, வரவு இடாப்போடு மீண்டும் ஒப்பிட்டோம். ஒன்றில்கூடப் பிழை இல்லை. அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருந்தது. கூட்டத்தில் அதிபர் இதை எழுந்து நின்று சொன்னார். தெருவில் வேறு விதமாகப் பேசியவர்கள் ஒஃபிஸ் பக்கம் போகும்போது அவவிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும்.

கடைசியாக, சொஃப்ட்வெயார் வைத்திருப்பவர்கள் புதிய மெஷினுக்குக் காசு கட்டுவதற்கு முன் இந்த ஒழுங்கில் பாருங்கள். மெதுவான வினவலை எடுத்து எக்ஸ்பிளைன் கேளுங்கள். கீ என்ற இடம் வெறுமையாக இருந்தால், இரு பக்க வகையும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டு அட்டவணைகளை இணைக்கும் இடத்திலும் பாருங்கள். அங்கே எழுத்துக்களை அடுக்கும் முறையான கொலேஷன் வேறாக இருந்தாலும் இதே சிக்கல் வரும். பிறகு, புலத்தின் மேல் ஃபங்ஷன் இருக்கிறதா? முன்னால் % இருக்கிறதா? சேர்ந்த இண்டெக்ஸின் முதல் புலத்தைக் கேட்கிறீர்களா? விடையாக வருவது அட்டவணையின் பெரும் பகுதியா? புள்ளிவிபரம் பழசா? இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் அப்போது மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

எக்ஸ்பிளைன் பார்க்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமை 9 மணிக்குப் பிறகு பாடசாலை ஐசிடி கூடத்துக்கு வாருங்கள். மாணவர்கள் பார்த்துத் தருவார்கள், அவர்களுக்கும் அது பயிற்சி. காசு ஒன்றும் வேண்டாம். ஆனால் வரும்போது தரவின் ஒரு பிரதியைக் கொண்டு வாருங்கள். அசலில் நாங்கள் கை வைக்க மாட்டோம்.